தேங்காய் துருவிய தாளம்

ஆரஞ்சுத் தெரு, கிங்ஸ்டன்
19 நவம்பர் 1968

அன்புள்ள ஃபெர்டிக்கு,

நான் நலம். உங்கள் அம்மாவின் முழங்கால் வலி இப்போது தேவலை. பர்மிங்காமில் பனி கொட்டுகிறதாமே, மார்பில் சளி கட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் எனக்கு அனுப்பிய கப்பல் சீட்டை இந்த உறையிலேயே திருப்பி வைத்திருக்கிறேன். கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள்.

நம் இசைத்தட்டுக் கடையை விற்றுவிட்டு வா என்று நீங்கள் எழுதிய கடிதம் வந்த வாரம், நான் ஒரு பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். ஆமாம், நானேதான். நீங்கள் தயாரித்த ஐந்து இசைத்தட்டுகளும் விலைபோகாமல் அலமாரியில் தூங்கியபோது, இந்தத் தொழில் நமக்கு ஆகாது என்று நீங்கள் கப்பலேறினீர்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. இரண்டு வருடமாகக் கடையில் நின்று, எந்தப் பாட்டுக்கு யார் தோள் அசைகிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பனிக்கட்டித் தொழிற்சாலை எக்பர்ட் பாடினான். குரல் தேன்தான். பாட்டுதான் கட்டிப்போட்ட ஆடு மாதிரி நின்ற இடத்திலேயே நின்றது. ஆர்கன் வாசித்த ஆப்ரியிடம், ஞாயிற்றுக்கிழமைச் சோற்றுக்குத் தேங்காய் துருவுகிற மாதிரி வாசி, இடைவெளியில் இரண்டிரண்டாக, கரக்கரக், கரக்கரக் என்று சொன்னேன். “மிஸ் வாஷ்டி, நான் ஆர்கன் வாசிக்கணுமா, சோறு ஆக்கணுமா?” என்று சிரித்தான். “முதல்ல துருவு, அப்புறம் சொல்றேன்” என்றேன்.

ஒலிப்பதிவாளர் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து, “தாளம் நொண்டுதும்மா” என்றார். “நொண்டட்டும். ஆடுறவன் காலுக்குப் புரியும்” என்றேன். இரண்டாம் முறை வாசித்தபோது அவர் கையிலிருந்த பென்சிலே மேசையைத் தட்ட ஆரம்பித்துவிட்டது.

முந்நூறு தட்டு அச்சடித்து, ஒன்றை வானொலி நிலையத்துக்கு எடுத்துப் போனேன். ஆனால் அங்கே பாட்டுப் போடுகிறவர் பத்து நொடிகூடக் கேட்கவில்லை. ஊசியைத் தூக்கிவிட்டு, “வீட்டுக்காரர் ஊருக்கு வந்ததும் அவரை வரச் சொல்லுங்க, பேசிக்கலாம்” என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குக் காது எரிந்தது. அன்று உங்கள் சீட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பொய் சொல்லமாட்டேன்.

சனிக்கிழமை காலை ஒலிபெருக்கியைக் கடை வாசலுக்கு இழுத்து, தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். ஒரு மணி நேரம் ஒருவரும் நிற்கவில்லை. பிறகு சந்தைக்குப் போன ஒரு பெண், தலையில் கீரைக்கூடையோடு நின்றாள். கூடை அசையவில்லை, இடுப்பு மட்டும் அசைந்தது! அவளைப் பார்த்துத் தள்ளுவண்டிக்காரர் நின்றார். தெரு அடைத்துக்கொண்டது. பின்னால் வந்த பஸ் ஓயாமல் ஒலி எழுப்பியது. கடைசியில் ஓட்டுநரே இறங்கி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். “அம்மா, இன்னொரு தடவை போடுங்க. அப்பதான் வண்டி நகரும்” என்றார். உள்ளே இருந்தவர்களும் இறங்கிவிட்டார்கள். மாலைக்குள் முந்நூறு தட்டும் தீர்ந்தது. கடையிலிருந்த கடைசித் தட்டுக்கு இரண்டு பேர் சண்டை போட்டார்கள்.

புதன்கிழமை அந்த வானொலிக்காரர் கழுத்தில் டை கட்டிக்கொண்டு கடைக்கே வந்தார். வானொலி கேட்கிறவர்களெல்லாம் இந்தப் பாட்டைப் போடச் சொல்லித் தொலைபேசியில் பிடுங்குகிறார்களாம். “வீட்டுக்காரர் ஊர்ல இல்லை. தயாரிப்பாளர் நான்தான், பேசுங்க” என்றேன். மறுபடி அச்சடித்து வந்ததில் ஒரு தட்டைப் பணிவாக வாங்கிக்கொண்டு போனார். தட்டின் நடுவே ‘தயாரிப்பு: வாஷ்டி கூம்ஸ்’ என்று அச்சடித்திருக்கிறது. ஆயிரம் முறை படித்துவிட்டேன். இப்போது எந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனாலும் ஆர்கன்காரர்கள் தேங்காய்தான் துருவுகிறார்கள். இதற்கு ரெகே என்று பெயராம். யார் வைத்ததோ!

அடுத்த மாதம் ஆறு பாட்டுப் பதிவு செய்யப்போகிறேன். நீங்கள் வாசித்துக்கொண்டிருந்த பேஸ் கிட்டாருக்கு மூன்று பேரைப் பார்த்தாயிற்று. மூவரும் நன்றாக வாசிக்கிறார்கள். ஆனாலும் நான் யாருக்கும் இன்னும் வாக்குக் கொடுக்கவில்லை.

ஃபெர்டி, கப்பல் என்றைக்கு வந்தாலும் நான் துறைமுகத்துக்கு வருவேன். போன இடத்தில் என்ன சாதித்தீர்கள் என்று கேட்கிற ஒருத்தி அங்கே நிற்க மாட்டாள். வாருங்கள். கடவுள் உங்கள் விரல்களைக் குளிர் அண்டாமல் காக்கட்டும்.

என்றும் உங்கள்,
வாஷ்டி