மாடிப்படி விளக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். முந்தாநாள் பைப்புக்குள் வயரைத் தள்ளிவிட்டு, சுவரைப் பார்த்து, மாப்ளே வந்துச்சா என்று கத்திவிட்டேன். உன் இடத்தில் அந்தப் பக்கம் நின்ற புது ஆள், அண்ணே நான் உங்க மாப்பிள்ளை இல்லையே என்றான். வீட்டுக்காரர் வரைக்கும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழி?

கல்யாணத்துக்கு அப்புறம் உன்னை ‘நீங்க’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அம்மா உத்தரவு. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன். என் எழுத்து கோழி கிண்டின மாதிரிதான் இருக்கும், பொறுத்துக்கொள்.

இப்போது வயரிங் வேலை பிடித்திருக்கிற வீடு பெரிய வீடு. மேலும் கீழுமாகப் பதினாறு அறை. சமையலறையில் நின்று கூப்பிட்டால் மாடிக்குக் கேட்காது. சுவிட்ச் எங்கெங்கே வரணும் என்று குறிக்கப் போனால் அறைக்கு அறை உன் நினைப்புதான். கட்டில் போடுகிற இடத்தில் வெறும் தரையில் படுத்து, கையை நீட்டி, விரல் தொடுகிற இடத்தில் கோடு போடச் சொல்வாயே. டாக்டர் வீட்டில் அப்படிக் கையை நீட்டியவன் குறட்டையே விட்டுவிட்டாய். டாக்டரம்மா பதறிப்போய் நாடி பிடித்துப் பார்க்க, அளவு எடுத்தேன் என்று எழுந்தாயே, அடேயப்பா! நானும் படுத்துப் பார்த்தேன். என்னைத் தூக்கி நிறுத்த இரண்டு பேர் வேண்டியிருந்தது.

கீழே போட்டு மேலே அணைக்கிற மாடிப்படி சுவிட்ச் மட்டும் இன்னும் என் மண்டையில் ஏறவில்லை. நீ சொல்லித்தந்தபோதெல்லாம் தலையை ஆட்டினேன், அவ்வளவுதான். எந்த வீடானாலும் மாடிப்படி உன் வேலை. இங்கேயும் அதை மட்டும் தொடாமல் வைத்திருந்தேன், அடுத்த மாதம் நீ வந்துவிடுவாய் என்று. இப்போது அந்த வெளிநாட்டுக் கம்பெனியிலேயே இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப் போகிறாயாமே. தங்கச்சிதான் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். உன் பெண்டாட்டியின் அந்தச் சிரிப்பு உனக்குத் தெரியாததா?

போடாதே என்று சொல்ல நான் யார்? பேனாவை எடுக்கும் முன்னால் ஒரு நிமிஷம் அவளை நினைத்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. ஈரக் கையோடு எதையும் தொடாதே. நீ நன்றாக இருக்கணும், கண்ணுக்கு முன்னால் இருக்கணும்.

இப்படிக்கு,
பைப்பின் இந்த முனையில் நிற்கும்
உன் மச்சான்

பி.கு.: வீட்டுக்காரர் அவசரப்படுத்தியதால் இன்றைக்கு மாடிப்படி வேலையை நானே முடித்தேன். மேலே அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். விளக்கு எரியவில்லை. அதற்குப் பதில் வாசல் மணி அடித்தது. எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த தங்கச்சி கீழே இருந்தாள். ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. மறுபடி போட்டுப் பார்த்தேன். மறுபடியும் ஓடினாள்.