மருமகனுக்குப் பசி தாங்காது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. முழங்கால் வலியைக் கணக்கில் சேர்க்காவிட்டால் நானும் அப்பாவும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கிச் சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். மாடியில் நான் பேசுவது கீழே கண்ணாடிக் கடையில் அப்பாவின் காதில் விழும், அவர் காதில் விழக் கூடாத விஷயம் இது. அப்பா ஏன் போனுக்கு வருவதே இல்லை, உடம்புக்கு என்ன, என் மேல் கோபமா என்று சில வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாய். உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபமும் இல்லை. நீ வாங்கிக் கொடுத்த பிக்கப் வண்டியின் டீசல் பம்பு போனது உனக்குத் தெரியும். ஆனால் அது அப்பா உனக்குச் சொன்னதுபோலக் கலப்பட டீசலால் போகவில்லை. அந்தப் பங்க்காரர் மேல் புகார் எழுதி வைத்திருக்கிறேன், அப்பா ஒரு வார்த்தை சொன்னால் அனுப்பிவிடுவேன் என்று நேற்று நீ செய்தி போட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் பழைய வண்டி வழியில் நின்றபோதெல்லாம் டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்த மனிதர் அந்தப் பங்க்காரர்.

பழைய வண்டியை நீ மறந்திருக்க மாட்டாய். இருமிக்கொண்டே எழுந்து, முனகிக்கொண்டே போய், எப்படியோ சொன்ன இடத்தில் கொண்டு சேர்க்கும் என்பதால் அதற்குப் பெரியப்பா என்று பெயர். அதன் டீசல் முள் என்றைக்கோ செத்துப் போயிருந்தது. எவ்வளவு மிச்சம் என்று அப்பா சத்தத்தை வைத்தே சொல்வார், அதுவும் தப்பாகத்தான் சொல்வார். டீசல் போடுங்கள் என்றால், "இது வாசனைக்கே ஓடும்டி" என்பார். வாசனையும் தீர்ந்து அது நிற்கும்போது இறங்கி வேலை செய்ய வேண்டியவள் நீ. ஃபில்டர் தலையில் இருந்த கறுப்புக் குமிழை, கை இறுகும்வரை நீ அமுக்க வேண்டும், அப்பா நட்டைத் தளர்த்துவார், உள்ளே புகுந்த காற்று முதலில் நுரையாக வரும், பிறகு நூல் பிடித்தாற்போலத் தெளிந்த டீசல் வரும், நட்டை இறுக்கினால் பெரியப்பா இருமிக்கொண்டு எழுந்துவிடுவார். ஒரு மழை நாளில் ஆளுயர நிலைக்கண்ணாடியைச் சட்டத்தில் கட்டிக்கொண்டு போகும்போது பாலத்து நடுவில் நின்றோமே, ஞாபகம் இருக்கிறதா. சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி, நம் கண்ணாடியைப் பார்த்து நிதானமாகத் தலை வாரிக்கொண்டு, சீப்பைப் பையில் போட்டுக்கொண்டு போனார். உனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "பாப்பா, சிரிச்சேன்னா காத்து புகுந்துடும், அமுக்கு" என்றார் அப்பா. உன் பள்ளிச் சீருடையில் அந்த டீசல் வாசனை எத்தனை முறை துவைத்தாலும் போகாது, அதற்காக உங்கள் இரண்டு பேரையும் திட்டிக்கொண்டே இருப்பேன். இப்போது யாராவது டீசல் வாசனையோடு கடைக்குள் வந்தால் என் தலை தானாகத் திரும்புகிறது.

புது வண்டிக்கு மருமகன் என்று பெயர் வைத்தது நீதான், நான் கொண்டுவராத குறைக்கு இவன் இருக்கட்டும் என்றாய். சத்தமே போடாத, பளபளவென்ற வண்டி. மருமகன் வந்தும் மாமனார் பழக்கம் மாறவில்லை. மஞ்சள் விளக்கு எரிகிறது என்று எத்தனையோ நாள் காட்டினேன். "அது கொழந்த மாதிரி, பசிக்காமயே அழும்" என்று ஒரே பதில். பம்பு போன அன்று நானும் அவரும் குளியலறைக் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு மேட்டில் போகும்போது மருமகன் நின்றுவிட்டான். அப்பா கேன் டீசலை ஊற்றினார், பானெட்டைத் திறந்து பழைய ஞாபகத்தில் கறுப்புக் குமிழைத் தேடினார், அது இருந்தால்தானே. சாவியைத் திருப்பினார், திருப்பிக்கொண்டே இருந்தார், பிறகு ஸ்பானரை எடுத்துப் பம்புக் குழாயின் நட்டில் வைத்தார். எனக்கு என்னவோ மனசு கேட்கவில்லை, பம்பு மெக்கானிக்குக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் போட்ட சத்தம் ரோட்டுக்கே கேட்டது. "அண்ணே, அந்தக் குழாய்ல கை வைக்காதீங்க. இது பழைய வண்டி இல்ல, ஹை பிரஷர் பம்பு. டீசல் ஊசி மாதிரி தோலத் தொளச்சு உள்ள போயிடும், அப்புறம் கையவே எடுக்க வேண்டி வரும். அக்கா, மொதல்ல ஸ்பானரப் புடுங்குங்க." புடுங்கினேன். இத்தனை வருஷத்தில் அவர் கையிலிருந்து நான் எதையும் புடுங்கியதில்லை. அவரும் இறுக்கிப் பிடிக்கவில்லை.

மெக்கானிக் ஃபில்டரைக் கழற்றியபோது டீசலில் வெள்ளி மாதிரி தூள் மினுங்கியது. அப்பா அதை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்து, இது நம் கடைத் தூள், என் கையிலிருந்து விழுந்திருக்கும் என்றார். அவர் உள்ளங்கை எப்போதும் அப்படித்தானே மினுங்கும். "கண்ணாடித் தூளா இருந்தா நானும் சந்தோஷப்படுவேண்ணே, இது பம்போட எலும்பு" என்றார் மெக்கானிக். "இந்தப் பம்புக்குத் தனியா எண்ணெய் கெடையாது. உள்ள போற டீசல்தான் அதுக்கு எண்ணெய், தண்ணி, சோறு எல்லாம். பட்டினி போட்டா இரும்ப இரும்பே தின்னும். ஒரு தடவையில இப்படி ஆகாது. எத்தனை நாளா பட்டினி போட்டீங்க?" அப்பா விரலில் ஒட்டிய தூளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்தத் தூள் குழாய், இன்ஜெக்டர் என்று எல்லா இடத்துக்கும் போய்விட்டதாம், டேங்கைக்கூட இறக்கிக் கழுவ வேண்டியிருந்தது. வேலை முடியும்வரை தினமும் கடையைச் சாத்திவிட்டு ஒர்க்‌ஷாப்பில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மெக்கானிக்குக்கு விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தார். பிள்ளை ஆசையாக வாங்கிக் கொடுத்ததைக் கெடுத்துவிட்டேனே என்று ஒரே ஒரு தடவை சொன்னார், அதுவும் என்னிடம் இல்லை, சுவரைப் பார்த்து.

இப்போது வேறு பம்பு போட்டு வண்டி நன்றாக ஓடுகிறது. வீட்டுக்கு வரும் வழியில் பங்க்கில் நிறுத்தி, "ஃபுல் பண்ணுங்க" என்றார். பங்க்காரர் குனிந்து என்னைப் பார்த்து, "யாரு அக்கா இவரு?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அப்பா சிரிக்கவில்லை, அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க முடியாமல் எதிரே இருந்த சுவர் விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தார். உன் போன் வந்தால் வண்டியைத் துடைக்க இறங்கிவிடுகிறார். பெரியப்பாவுக்கு ஒரு வாளித் தண்ணீர் காட்டாத மனிதர், மருமகனைத் தினமும் குளிப்பாட்டுகிறார். ஆகையால் கண்ணு, வண்டியைப் பற்றி நீயாக எதுவும் கேட்காதே. உன் சமையலறை ஜன்னல் கண்ணாடி காற்றில் கடகடவென்று ஆடுகிறது என்றாயே, அதைக் கேள். எங்கே இருந்தாலும் ஓடி வருவார்.

இதுவரை எழுதி மடித்துவிட்டுக் கீழே எட்டிப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைப்பது போலவே, பழைய பேப்பரைக் கசக்கி வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தெரியாமல் இதை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அடியில் கொஞ்சம் இடம் விட்டு, கண்ணாடி அறுக்கும் மேசையில் பேனாவோடு வைக்கப் போகிறேன். படித்துவிட்டு எழுதினால் எழுதட்டும். கீழே ஒன்றும் இல்லை என்றால், முடியவில்லை என்று புரிந்துகொள். எப்படி ஆனாலும் அந்தப் புகாரை மட்டும் அனுப்பாதே. நீயும் அப்பா பிள்ளைதான், காலை டிபனை விட்டுவிட்டு வேலைக்கு ஓடாதே. நோய் நொடி இல்லாமல், நாலு பேர் மெச்ச நன்றாக இரு.

உன் அம்மா

பாப்பா, பங்க்காரர் மேல் தப்பில்லை. காலி டேங்கில் ஓட்டியது நான். காலையில் போய் அவரிடமும் சொல்லிவிட்டு வந்தேன். ஜன்னலுக்கு நாலு பக்கமும் தனித்தனியாக அளவு எடு, எதிரெதிர்ப் பக்கம் ஒன்றாக இருக்கும் என்று நம்பாதே. அளவைப் போனில் சொன்னாலும் சரி. போனை நானே எடுக்கிறேன். அப்பா.