உங்கப்பாவும் கார் புளோயரும்

தேவனூர் நாடு,
தை மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கோகிலாவுக்கு அம்மா கண்ணாயி எழுதுவது. மஸ்கட்டில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்புகிறேன் கண்ணு. இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம். சுகம் என்று அம்மா எழுதினால் அதில் பாதிதான் உண்மை என்று நீ நினைப்பாய், உன் நர்ஸ் புத்தி எனக்குத் தெரியாதா. ஆனால் இதை எழுதும் இந்த நேரத்தில் உங்கப்பா வாசல் வெயிலில் உட்கார்ந்து, தார்ப்பாயில் காயும் மிளகைக் கிளற வரும் கோழியை அதன் பரம்பரையோடு சேர்த்துத் திட்டிக்கொண்டிருக்கிறார், அந்தச் சத்தம் சமையல்கட்டு வரைக்கும் கேட்கிறது, அதனால் சுகம் என்றே எழுதுகிறேன். உன்னோடு வேலை செய்யும் மெர்சி லீவு முடிந்து கிளம்புகிறாளாம், ராசிபுரத்திலிருந்து போன் பண்ணி, கோகிலாவுக்கு ஏதாவது கொடுத்தனுப்புகிறீர்களா ஆன்ட்டி என்று கேட்டாள். நல்ல பெண். அவளிடம்தான் மிளகுப் பொட்டலமும் இந்தக் கடுதாசியும் கொடுத்துவிடுகிறேன். இதையெல்லாம் போனில் சொல்ல முடியாது. நீ கூப்பிட்டாலே உங்கப்பா ஸ்பீக்கரைப் போட்டு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துவிடுகிறார், அப்புறம் நான் என்னத்தைப் பேச.

முதலில் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். நாமக்கல்லில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு வீடு பார்த்துவிட்டேன், அந்தப் பழைய காரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு இரண்டு பேரும் மலையை விட்டுக் கீழே இறங்கிவிடுங்கள் என்று போன வாரம் சொன்னாயே, அதற்கு நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை, யோசித்துத்தான் சொல்கிறேன். ஏன் என்று தெரிய வேண்டுமானால் மார்கழியில் நடந்தது முழுவதும் உனக்குத் தெரிய வேண்டும். உன் மாமா செங்கோடன் உனக்கு ஊதிவிட்டது பாதிதான், மீதிப் பாதி அவனுக்கே தெரியாது.

இந்த மார்கழி மாதிரி ஒரு மார்கழியை நான் பார்த்ததில்லை. பனி போதாதென்று தூறலும் சேர்ந்துகொண்டது, நடுப்பகலில்கூட வேலியோரம் நிற்கிற மாடு தெரியவில்லை. அப்படி ஒரு நாள் விடியலில் உங்கப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துக்கொண்டு இறங்கினேன். பஸ்ஸில் போனால் திரும்பி வரும்போது வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து மனுஷர் துவண்டு போகிறார் என்றுதானே இந்தக் காரையே வாங்கினோம். பாதி மலை இறங்கவில்லை, முன் கண்ணாடி உள்பக்கம் வெள்ளை பூத்துவிட்டது. வழக்கமாக புளோயரைப் போட்டால் காற்று அடித்துக் கண்ணாடி தெளிந்துவிடும். அன்றைக்கு ஒன்றில் வைத்தாலும் நாலில் வைத்தாலும் மூச்சில்லை. ஜன்னலைத் திறந்தால் தூறல் உங்கப்பா மேல் அடிக்கிறது, அவருக்குச் சளி பிடித்தால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூடினால் எங்கள் மூச்சே கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறது. அவர் துண்டால் துடைக்கத் துடைக்க நான் தலையை வெளியே நீட்டி ஓட்டினேன். ஒரு வளைவில் மேலே ஏறி வந்த பஸ்ஸின் முகம் என் முகத்துக்கு நேராக நின்றது. ஹாரன் அடித்தானா இல்லையா என்றுகூட இப்போது ஞாபகமில்லை. பிரேக்கில் நான் ஏறியே நின்றுவிட்டேன். டிரைவர் இறங்கி வந்து, ஏனுங்க டீச்சர், உசுரு மேல ஆசை இல்லீங்களா என்று கேட்டார். அவர் பேத்தி என் அங்கன்வாடியில் படிக்கிறவள், அதனால் அதோடு விட்டார்.

போய்ச் சேர நேரமாகி, அன்றைக்குப் பாதி நேரம்தான் மெஷினில் படுக்க முடிந்தது. திரும்பி வந்து ஊட்டுக்குள் நுழையும்போது உங்கப்பா சொன்னார், கண்ணாயி, இது போதும், என்னால நீயும் போய்ச் சேரவா, இனிமே நான் ஆஸ்பத்திரிக்கு வல்ல என்று. நான் காதில் வாங்காத மாதிரி உள்ளே போய்விட்டேன். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை அதற்கு முன்னால் வந்ததே இல்லை.

மறுநாளே செம்மேட்டு மெக்கானிக் பூபாலனைக் கூப்பிட்டேன். கார் வாங்கினதிலிருந்து அந்தத் தம்பிதான் பார்க்கிறது. டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டுப் பார்த்துவிட்டு, டீச்சர், புளோயர் மாட்யூல் போயிருச்சுங்க என்றது. புளோயர் மோட்டாருக்குப் போகிற கரண்டைக் கூட்டிக் குறைக்கிற சின்னப் பெட்டி, உள்ளங்கை அளவுகூட இல்லை. சேலத்திலிருந்து புதுசு வரவழைத்து மாட்டியது. காற்று ஜம்மென்று வந்தது. பொங்கல் வருவதற்குள் ஒரு பீடை ஒழிந்தது என்று நிம்மதியாக அங்கன்வாடிக்குப் போனேன். அந்த வாரம் முடிவதற்குள் அதுவும் எரிந்துவிட்டது. காரைத் திறந்தால் பிளாஸ்டிக் கருகிய நாற்றம்.

அப்புறம் ஆளுக்கு ஒரு நியாயம். பூபாலன் டூப்ளிகேட் சாமானைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைக்காரரைத் திட்டியது. உன் மாமா, பொம்பளை ஓட்டினா வண்டி இப்படித்தான் என்று ஆரம்பித்தான், அவனுக்கு நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது, மெர்சி பிரித்துப் படித்தால் வெட்கம். நீ வீடு பார்த்தாய். உங்கப்பா மட்டும் வாயில் கொழுக்கட்டையை வைத்த மாதிரி இருந்தார். இதற்கு நடுவில் டயாலிசிஸ் நாள் வந்தது. வாடகைக் கார் பேசினேன். அந்த ஆள் பனியைக் காட்டி வரமாட்டேன் என்றுவிட்டான், உங்கப்பாவும் அதுதான் சாக்கு என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். ஒரு நாள் தவறிப்போனது. இதைத்தான் நாங்கள் உன்னிடம் மறைத்தோம். அடுத்த நாள் கால் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு இழுத்தது. தலையணையை அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்தேன். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கு எனக்கு வந்தது அழுகை இல்லை, வீம்பு. ஒரு புளோயருக்காகவா என் புருஷனை நான் விடுவேன். பூபாலனுக்குப் போன் பண்ணி, தம்பி, புது மாட்யூல் கொண்டு வா, ஆனா அது ஏன் எரிஞ்சதுன்னு தெரியாம அதைய மாட்டக்கூடாது, சாயங்காலத்துக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும் என்றேன். அங்கன்வாடியைப் பார்த்துக்கொள்ளும்படி ஆயா பாப்பாயியிடம் சொல்லிவிட்டு ஊட்டுக்கு வந்து கார் பக்கத்திலேயே நின்றேன். பூபாலன் யோசித்து, மோட்டார் சுத்த முடியாம முக்குனா கரண்டை அதிகமா இழுக்குங்க, அதுலதான் மாட்யூல் கருகும், மோட்டாரையே கழட்டிப் பாத்துரலாங்க என்றது. பேட்டரி வயரைக் கழற்றிப் போட்டுவிட்டு மோட்டாரை இறக்கியது. நான் டார்ச் பிடித்தேன்.

என்ன வந்தது தெரியுமா. மிளகு. ஆமாம் கண்ணு, மிளகு. மிளகுக் காம்பு, தோல், தூசி, எல்லாம் பிசுபிசுவென்று அப்பிக்கொண்டு, மோட்டாரோடு சேர்ந்து சுற்றுகிற காற்றாடிக்கூட்டின் தண்டில் கோணிச் சாக்கு நார் பம்பரத்துக்குச் சாட்டை சுற்றின மாதிரி சுற்றியிருந்தது. கையால் திருகினால்கூட நகரவில்லை. பூபாலன் ஒரு மிளகை எடுத்து மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது, நான் திரும்பி உங்கப்பாவைப் பார்த்தேன். வாசற்படியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் மேலே பலாமரத்தைப் பார்த்தார், அதில் ஏதோ இப்போதுதான் காய்த்த மாதிரி.

நடந்தது இதுதான். முதல் பறிப்பு மிளகு வந்த நேரத்தில் வெயிலே இல்லை, தார்ப்பாயில் கிடந்து பூஞ்சணம் பிடிக்க ஆரம்பித்தது. நான் அங்கன்வாடிக்குப் போனதும் இந்த மனுஷர் காரின் சீட்டுகளைச் சாய்த்து, சாக்கை விரித்து, மிளகைப் பரப்பி, வண்டியை ஸ்டார்ட் பண்ணி, சூடான காற்றை முழு வேகத்தில் விட்டு, கதவைச் சாத்திக்கொண்டு தானும் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். ஒரு நாள் இல்லை, தூறல் விழுந்த நாளெல்லாம். வெளிக்காற்று ஈரம் என்று உள்காற்றையே திரும்ப இழுக்கிற பட்டனையும் போட்டிருக்கிறார், அந்த அறிவெல்லாம் இருக்கிறது. காற்று இழுக்கிற வாய் டேஷ்போர்டுக்குக் கீழே இடப்பக்கம், அதில் இருக்க வேண்டிய பில்டரை நாம் வாங்குவதற்கு முன்னாலேயே எவனோ பிடுங்கிப் போட்டிருக்கிறான். அந்த வாய்க்கு நேராக முறத்தைப் பிடித்து மிளகைப் புடைத்தால் தோலும் தூசியும் தானாகப் பறந்து உள்ளே போய்விடுகிறதாம். தூத்தவே வேண்டாம் கண்ணாயி, அதுவே தூத்திருச்சு, நானும் நல்ல வண்டின்னு நெனச்சேன் என்று சொல்கிறார்! பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்த கதை. நான் விடவில்லை, எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குங்க கூடவே காயுது, அந்தச் சூட்டுக்குள்ள நீங்க எதுக்கு உக்காந்தீங்க, பஸ்ஸுல மோதிச் செத்திருந்தா அந்த மிளகை யாரு ரசத்துல போடறது என்று பக்கத்துக் காட்டுக்குக் கேட்கும்படி கத்திவிட்டேன். முதல் மாட்யூல் எரிந்ததும் தன்னால்தான் என்று தெரியாதாம், ஆனால் இரண்டாவது கருகினபோது சந்தேகம் வந்ததாம். வந்த சந்தேகத்தை வாயைத் திறந்து சொல்ல வேண்டாமா.

எல்லாம் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார். நீயே ஆக்கற, நீயே வண்டி ஓட்டற, மாத்திரையும் நீதான் எடுத்துக் குடுக்கற. மக கூப்பிட்டா கிரியேட்டினின் எத்தனைன்னு கேக்கறா, வர்றவன் போறவன் எல்லாம் மூத்திரம் போகுதான்னு கேக்கறான். நான் ஒரு பிடி மிளகு காயவெக்கக் கூடாதா கண்ணாயி என்றார். பூபாலன் ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டது, ஸ்பேனர் அதன் கையிலேயே இருந்தது. நான் உள்ளே போய் ஒரு அழுகை அழுதுவிட்டு வந்து டார்ச்சை எடுத்துக்கொண்டேன்.

நாரை அறுத்து, கூட்டைக் கழுவித் துடைத்துக் காயவைத்தோம். மோட்டார் நல்லவேளை பிழைத்துக்கொண்டது, விரலால் தட்டினாலே சுற்றியது. மாட்யூலில் சொருகுகிற பிளக்கும் கருகி உருகியிருந்தது, அதை அப்படியே விட்டால் புதுசும் எரியும் என்று பூபாலன் அதை வெட்டி வேறு போட்டது. காற்று வாய்க்கு பில்டரும் போட்டாயிற்று. கடைசியில் மாட்யூலை நான்தான் மாட்டினேன். குனிந்து, கழுத்து வலிக்க, பிளக்கைச் சொருகி இரண்டு ஸ்குருவையும் என் கையால் முடுக்கினேன். பூபாலன் நான் மாட்டறேங்க டீச்சர் என்றது, வேண்டாம் தம்பி, நாளைக்கு நடுவழியில எரிஞ்சா நீயா வருவ, நான்தான் மாட்டணும் என்றேன். உபரியாக ஒன்று வாங்கி, ஸ்குரு டிரைவரோடு சேர்த்துக் காரிலேயே வைத்திருக்கிறேன்.

மறுநாள் விடியலில் அவரைக் கேட்கவே இல்லை. ஸ்வெட்டரை மாட்டி, வீங்கின காலுக்குச் செருப்பு நுழையாமல் வெறுங்காலோடு ஏற்றி உட்கார வைத்தேன். வல்லீன்னு சொன்னேனே என்றார். சொன்னீங்க, கேட்டுக்கிட்டேன், கதவைச் சாத்துங்க என்றேன். பனி அன்றைக்கும் குறைவில்லை. ஆனால் புளோயரைப் போட்டதும் கண்ணாடி அடியிலிருந்து மேலே கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது, வளைவு, சுவர், எதிரே வருகிற லைட், எல்லாம் தெரிந்தது. அவர் துண்டைக் கையில் தயாராக வைத்துக்கொண்டே வந்தார், அடிவாரத்துக் காரவள்ளி செக்போஸ்ட் வரைக்கும் துடைக்க வேலை வரவில்லை. முழு நேரமும் மெஷினில் படுத்தார். திரும்பும்போது கால் வற்றிச் செருப்பு நுழைந்தது.

இப்போது சொல், நாங்கள் எதற்கு இறங்க வேண்டும். அந்த நாமக்கல் ஊட்டில் இவருக்கு என்ன வேலை இருக்கும், அடுத்த டயாலிசிஸுக்குக் காத்திருப்பதைத் தவிர. வீட்டுக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு சாமி. உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை, தினமும் வார்டில் நீ பார்ப்பதும் அதைத்தானே. உங்கப்பாவை இறக்கிக்கொண்டு போய்விட்டு நான் தனியாக ஏறி வருகிற ஒரு நாள் வரும், அது எனக்கும் தெரியும். அதை நினைத்துக்கொண்டே ஸ்டியரிங்கைப் பிடித்தால் முதல் வளைவைக்கூடத் தாண்ட முடியாது. அந்த நாள் வருகிற வரைக்கும் இறக்கிக்கொண்டு போவதும் நான்தான், ஏற்றிக்கொண்டு வருவதும் நான்தான். இதில் பேச்சு வேண்டாம்.

மற்றபடி மாமா மகள் கவிதாவுக்குப் பங்குனியில் கல்யாணம், லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிடு. மரவள்ளி இந்த வருஷம் பரவாயில்லை. டபுள் டியூட்டி பார்க்காதே, ஏசிக்கு நேராகத் தலையை வைத்துத் தூங்காதே, வெள்ளிக்கிழமை எண்ணெய் வை. அறப்பளீஸ்வரர் உன்னை நோய் நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், நல்ல இடம் அமையட்டும், நீண்ட ஆயுசோடு இரு என் கண்ணே. ஒன்றே ஒன்று மட்டும் மறக்காதே. அடுத்த தடவை போன் பண்ணும்போது கிரியேட்டினின், எடை, பிரஷர் எதையும் அவரிடம் கேட்காதே, அதெல்லாம் எனக்குத் தனியாக மெசேஜ் போடு, நான் எழுதி அனுப்புகிறேன். அவரிடம், ஏனுங்கப்பா, இந்த வருஷம் மிளகு எப்படிங்க என்று கேள். கேட்டுவிட்டு, அவர் முடிக்கிற வரைக்கும் போனை வைத்துவிடாதே.

உன் அம்மா,
அ. கண்ணாயி