எங்கள் மாமியார்களையும் வகுப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்

அனுப்புநர்:
வோ தி லாய் (வயது 31),
சிப்பி உரிக்கும் தொழிலாளி,
கோயில் பின் தெரு, லியூஷா, தைவான்.

பெறுநர்:
ஊராட்சித் தலைவர் அவர்கள்,
ஊராட்சி அலுவலகம், லியூஷா.

பொருள்: வெளிநாட்டு மருமகள்களுக்கான எழுத்து வகுப்பில் உள்ளூர் மாமியார்களையும் அனுமதிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் வியட்நாமில் பிறந்தவள். திருமணமாகி இவ்வூருக்கு வந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. தங்கள் அலுவலகம் கடந்த மார்ச் மாதம் தொடக்கப் பள்ளியில் தொடங்கிய சீன எழுத்து வகுப்பில், புதன், சனி பிற்பகல்களில் படித்து வருகிறேன். இம்மனுவை என் கையாலேயே எழுதுகிறேன் என்பதை நன்றியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். பிழை திருத்தித் தந்தவர் ஆசிரியை கோ ஷூ-ஹுய்.

2. எழுதப் படிக்கத் தெரியாத என் மாமியார் சென் வாங்-ஷி (வயது 66) முதலில் படிப்பதற்காக வரவில்லை. நான் வகுப்புக்குத்தான் போகிறேனா, தோழிகளோடு ஊர் சுற்றுகிறேனா என்று வேவு பார்க்க வந்தார். கடைசி பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் வாரம் ஆசிரியை அவர் முன் ஒரு பென்சிலை வைத்து, பெயரைக் கேட்டு, தாளில் எழுதிக் காட்டினார். வாங்-ஷி என்றால் 'போனால் போகிறது, வளர்ப்போம்' என்று பொருள். நான்காவதும் பெண்ணாகப் பிறந்ததால் வைத்த பெயர். மாமியார் தாளை வெகுநேரம் பார்த்தார். "வேண்டாத புள்ளைக்கு எதுக்குடி இத்தனை கோடு?" என்று என்னிடம் கேட்டுச் சிரித்தார். அந்தத் தாள் முழுவதும் எழுதி நிரப்பாமல் அன்று வீட்டுக்கு வர மறுத்துவிட்டார்.

3. அவரைப் பார்த்து மேலும் ஆறு மாமியார்கள் வந்தனர். எங்கள் வீட்டில் அதுவரை அதிகப் பேச்சு இருந்ததில்லை. உப்புக் கூடிவிட்டது, துணி காயவில்லை, அவ்வளவுதான். இப்போது சாப்பாட்டு மேசையில் வீட்டுப்பாடத்துக்காகச் சண்டை போடுகிறோம். என்னுடையதைப் பார்த்து எழுதுகிறார். கேட்டால், "உன் எழுத்து கோணல்டி, அதைத் திருத்துறேன்" என்கிறார். ஜூன் மாதம் மருத்துவமனைக்குத் தனியாகப் போய் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "ஏ லாய்! பஸ்ஸுல போட்டிருந்த ஊர்ப்பேரை நானே படிச்சு ஏறினேன்டி! ஒருத்தரையும் கேக்கலை!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம். என் கணவர் நிலநடுக்கம் என்று நினைத்து வெளியே ஓடினார்.

4. இந்நிலையில், செப்டம்பர் 9 அன்று வருகைப் பதிவேட்டைச் சரிபார்க்க வந்த அலுவலர், வெளிநாட்டில் பிறந்தோர்க்கு மட்டுமே வகுப்பு என்ற விதியைக் காட்டி ஏழு மாமியார்களின் பெயர்களையும் நீக்கினார். மரியாதையாகவே நடந்துகொண்டார். "இது வெளியிலேர்ந்து கல்யாணமாகி வந்தவங்களுக்கும்மா" என்றார்.

"நானும் கல்யாணமாகித்தான் வந்தேன் தம்பி. ரெண்டு ஊரு தள்ளி. மாட்டு வண்டியில வழியெல்லாம் அழுதுகிட்டே வந்தேன். சேத்துக்க" என்றார் என் மாமியார். வகுப்பே சிரித்தது. அலுவலரும் சிரித்தார். ஆனால் நீக்கிய பெயர்களை அவர் மீண்டும் சேர்க்கவில்லை.

5. மாமியார்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை. தாழ்வாரத்தில் ஸ்டூல் போட்டு ஜன்னல் வழியாகப் படிக்கிறார்கள். ஏழு பேர் இப்போது பதினொரு பேர். ஆசிரியை கேள்வி கேட்டால் உள்ளே நாங்கள் யோசிப்பதற்குள் வெளியிலிருந்து பதில் வந்துவிடுகிறது. அடுத்த மாதம் மணலை வாரிக்கொண்டு வாடைக்காற்று வீசத் தொடங்கும். தாழ்வாரத்தில் உட்கார முடியாது. மாமியார் துணைக்கு வருவதால் மட்டுமே மருமகளை அனுப்பும் வீடுகள் நான்கு உண்டு. அந்தத் தோழியர் பாதிப் புத்தகத்தோடு நின்றுவிடுவார்கள் என்பதே எங்கள் கவலை.

6. ஆகவே, அவ்விதியைத் தளர்த்திப் பதினொருவரையும் பதிவேட்டில் சேர்த்து, பூட்டிக் கிடக்கும் பக்கத்து அறையையும் திறந்துவிட ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். தாங்கள் ஒருமுறை நேரில் வந்து வகுப்பைப் பார்வையிட்டால் மிகவும் மகிழ்வோம்.

நான் எழுதுவதை என் மாமியார் தோளுக்கு மேலே எட்டிப் படித்துக்கொண்டிருக்கிறார். ஒரு செய்தி விட்டுப்போயிற்றாம். "தலைவர் வந்தா நம்ம வீட்டுல சாப்பிடாமப் போகக்கூடாது, சிப்பி போட்டு முட்டை பொரிச்சுத் தர்றேன்னு எழுது. லஞ்சம்னு நெனச்சுக்கப் போறாரு, உத்தரவு போட்டப்புறம் சாப்பிட்டாப் போதும்னும் எழுது."

எழுதிவிட்டேன், ஐயா.

நாள்: 17.10.2009
இடம்: லியூஷா

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,
வோ தி லாய்