அப்பாவின் எண்ணுக்கு வந்த செய்தி

மார்ச் 4, செவ்வாய்

இயற்பியல் மாதிரித் தேர்வு ஊத்திக்கொண்டது. எழுபதுக்கு ஐம்பத்திரண்டு. என் பக்கத்து இருக்கைக்காரிக்கு முப்பத்தெட்டு, அவள் சிரித்துக்கொண்டே மிட்டாய் தின்கிறாள். அவளை வகுப்பில் ‘ரேடியோ’ என்போம். ரேடியோவுக்காவது அணைக்கப் பொத்தான் உண்டு.

கல்லூரி விண்ணப்பத் தளம் இன்று திறந்தது. பள்ளிக் கணினி அறையில் எல்லோரும் பதிவு செய்தோம். கைபேசி எண் கேட்ட இடத்தில் யோசிக்காமல் அப்பா எண்ணைத் தட்டிவிட்டேன். மின்சாரம், தண்ணீர், தம்பியின் தடுப்பூசி என்று எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அந்த எண்தான். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

மார்ச் 9, ஞாயிறு

பத்துக் கல்லூரிகள் வரை வரிசைப்படுத்தலாம். முதலில் போட்டது கிடைத்துவிட்டால் மற்ற ஒன்பதும் தானாக அழிந்துவிடும்.

“எதுக்குப் பத்து? ஒண்ணு போதாதா?” என்றார் அப்பா. அந்த ஒன்று, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கல்லூரி. வணிகவியல். “காலைல என் பஸ்ல ஏறு, சாயங்காலம் என் பஸ்லயே இறங்கு. வேற என்ன வேணும்?”

டிப்போ முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். அவரோடு பதினோரு வருடமாக ஓடும் கண்டக்டர் மாமா எனக்கு முன்பக்க ஜன்னல் இருக்கையே ஒதுக்கிவிட்டாராம்.

எனக்கு வேண்டியது வானிலையியல். அது இருப்பது பதினான்கு மணி நேரப் பயணத்துக்கு அப்பால். இதை எப்படி ஆரம்பிப்பது? சாப்பிடும்போதா? சாப்பிட்ட பிறகா?

மார்ச் 10

சொல்லவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கிளினிக் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் தலை வாரிக்கொண்டே கேட்டாள்.

“எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அவர்கிட்ட சொல்லு.”

“வேண்டாம்னுடுவாரும்மா.”

“சொன்னா சண்டை போடு. தம்பிகூட மட்டும்தான் போடுவியா? நான் தூதெல்லாம் போக மாட்டேன், சொல்லிட்டேன்.”

பொல்லாதவள். ஆனால் காட்டிக்கொடுக்கவும் மாட்டாள்.

மார்ச் 23, ஞாயிறு

‘இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்? முந்நூறு சொற்களுக்குள் எழுதுக.’

‘சிறு வயது முதலே’ என்று தொடங்கினேன். ரேடியோவும் அப்படித்தான் தொடங்கியிருக்கிறாள். விசாரித்தால், எங்கள் வகுப்பில் முப்பத்தொரு பேரும் சிறு வயது முதலே எதையோ விரும்பியிருக்கிறோம். கிழித்துப் போட்டேன்.

உண்மையைச் சொன்னால் என்ன? ‘நாளை மழை பெய்யலாம்’ என்று செய்தியில் சொல்கிறார்களே, யார் அதை முடிவு செய்கிறார்கள், எதை வைத்து? இரண்டு வருடமாக மொட்டை மாடியில் ஜாடி வைத்து மழையை அளந்து எழுதிவருகிறேன். அளவு இருக்கிறது. ஏன் அன்று பெய்தது, ஏன் மறுநாள் ஏமாற்றியது என்று மட்டும் தெரியவில்லை. தெரியாமல் இருப்பது அரிக்கிறது. இதை எழுதினால் சிரிப்பார்களா?

எழுதிவிட்டேன். இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு சொற்கள்.

ஏப்ரல் 2, புதன்

தலையில் இடி.

பட்டியலை வரிசைப்படுத்திவிட்டேன். வானிலையியல் முதலில், அப்பாவின் கல்லூரி மூன்றாவதாக. ‘பூட்டுக’ என்ற பொத்தானை அழுத்தப் போனபோது பக்கத்தில் ரேடியோ தன்னுடையதைப் பூட்டிக்கொண்டிருந்தாள். அவள் கைபேசிக்கு வந்த செய்தியைப் பார்த்தேன். ‘உங்கள் முதல் விருப்பம்’ என்று போட்டு, கல்லூரியின் பெயர், படிப்பின் பெயர், ஊரின் பெயர். அதற்குக் கீழேதான் குறியீட்டு எண். மூன்று நிமிடத்துக்குள் அதைத் தளத்தில் போட வேண்டும்.

எனக்கு வருவது அப்பாவின் எண்ணுக்கு!

எண்ணை மாற்ற முடியுமா என்று உதவி மையத்துக்குப் போன் செய்தேன். பெற்றோர் கடிதத்தோடு விண்ணப்பித்தால் பத்து வேலை நாளாம். கடைசி நாள் பதினொன்றாம் தேதி. போச்சு.

ரேடியோ சொல்கிறாள், “பேசாம அப்பாகிட்ட சொல்லிடுடி.” எல்லோருக்கும் இது எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

ஏப்ரல் 6, ஞாயிறு

அப்பா குளிக்கப் போனதும் அவர் கைபேசியை எடுத்தேன். ஆமாம், எடுத்தேன். தளத்தில் ‘பராமரிப்புப் பணி’ என்று வந்தது. வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 7, திங்கள்

வெளியூர் வண்டி ஓட்டுநருக்குக் காய்ச்சலாம். வெள்ளி வரை அப்பாவும் கண்டக்டர் மாமாவும் அந்த வண்டியில். தினமும் ராத்தங்கல் அங்கேயே. காலையில் பையோடு கிளம்பும்போது, “பட்டியல்லாம் பூட்டியாச்சா?” என்றார். “இன்னும் இல்லப்பா.” “சீக்கிரம் முடி. கடைசி நேரத்துல ஓடாதே.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாசலில்தான் நின்றேன். மரம் மாதிரி.

ஏப்ரல் 10

இன்றும் போனில் பேசினோம். இன்றும் சொல்லவில்லை. நான் என்ன ஜென்மம்?

ஏப்ரல் 11, வெள்ளி

ஐந்து மணியோடு தளம் மூடும். நான்கு மணிக்கு அவர் வண்டி பாதி வழி நிறுத்தத்துக்கு வரும், அங்கே பேசலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். வரவில்லை. சாலையில் நெரிசல். நாலே முக்காலுக்குக் கண்டக்டர் மாமாவை அழைத்து, அப்பா போனுக்கு வரும் குறியீட்டு எண் வேண்டும் என்று சொல்லிவிட்டு, பொத்தானை அழுத்தினேன்.

“பாப்பா, அப்பா போன் பையில கெடக்கு. நான் எடுத்துப் படிக்கட்டுமா?”

பின்னாலிருந்து அப்பாவின் சத்தம். “யாரும் தொடாதீங்க! அது யார்கிட்டயும் காட்டக் கூடாத நம்பர்!” வங்கியில் யாரோ எப்போதோ சொன்னதை இன்றும் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறார். மாமாவுக்குக்கூடக் காட்ட மாட்டாராம்.

பிறகு எஞ்சின் சத்தம் இறங்கியது. பத்தொன்பது வருடத்தில் வண்டி ஓட்டும்போது கைபேசியைத் தொட்டதே இல்லாத மனிதர், ஐம்பது பேரோடு வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டார்.

அப்பா முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். “உங்கள் முதல் விருப்பம்…” கல்லூரியின் பெயரில் பாதி வந்தது. நின்றது.

ஹாரன் அடிக்கிறார்கள். யாரோ திட்டுகிறார்கள்.

“அப்பா… நம்பர் மட்டும் போதும்ப்பா.”

பிறகு நம்பரைச் சொன்னார். ஒவ்வொரு இலக்கமாக, நிதானமாக. சரியாகக் கேட்டதா என்று மறுபடியும் ஒரு தடவை சொன்னார். ‘பட்டியல் பூட்டப்பட்டது’ என்று திரையில் வந்தது.

“ஆச்சா?”

“ஆச்சுப்பா.”

வைத்துவிட்டார். பூட்டி முடித்த சந்தோஷம் துளிகூட இல்லை.

ஏப்ரல் 12

வந்தார். சாப்பிட்டார். தூங்கினார்.

ஏப்ரல் 16, புதன்

அன்று பஸ்ஸில் இருந்த ஒருவர், வண்டி நின்றதால் தன் ரயில் போய்விட்டது என்று புகார் கொடுத்திருக்கிறார். விளக்கக் கடிதம் கேட்டார்கள். ‘எஞ்சின் சூடாயிடுச்சுன்னு எழுதுங்க, முடிஞ்சுது’ என்றாராம் கண்டக்டர் மாமா. அப்பா, ‘என் மகளின் விண்ணப்பத்துக்காக நிறுத்தினேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டு வாரம் வண்டி கிடையாது. டிப்போ வாசலில் உட்கார்ந்து உள்ளே வரும் வண்டிகளின் நேரத்தைக் குறிக்க வேண்டும்.

“சாரிப்பா,” என்றேன்.

“நீ எதுக்கு? வண்டிய நிறுத்தினது நான்.”

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அம்மாவிடம் மட்டும் ஒன்று கேட்டிருக்கிறார்: “உனக்கும் தெரியுமா?” அம்மா தெரியும் என்றிருக்கிறாள். அதன் பிறகு அவளோடும் அளவாகத்தான் பேச்சு. வீட்டில் தம்பி ஒருவன்தான் வழக்கம்போலக் கத்திக்கொண்டிருக்கிறான்.

மே 5

பரீட்சை எல்லாம் முடிந்தது. நகம் கடிக்க இனி நகம் இல்லை.

மே 20, செவ்வாய்

வேலை முடிந்து வந்த அப்பா, செருப்பைக் கழற்றிக்கொண்டே, “மொதல்ல போட்டதே கெடச்சிருக்கு,” என்றார். கைபேசியை என்னிடம் நீட்டிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

அம்மா கட்டிப்பிடித்துக்கொண்டாள். ரேடியோ போனிலேயே கூவினாள். நான் குளியலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 27, செவ்வாய்

சேர்க்கைப் படிவம் வந்தது. நான்கு பக்கம், மூன்று இடத்தில் தகப்பனார் கையெழுத்து. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து வாசித்தார், சத்தமாக. விடுதி விதிகள், விடுமுறை, மருத்துவம். கடைசிப் பக்கத்தில் நின்றார்.

“‘கல்லூரி, படிப்பு ஆகியவை குறித்து என் மகளுடன் கலந்து பேசியுள்ளேன்.’” பேனாவைக் கீழே வைத்தார். “பேசலையே.”

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

“பேசாம பேசினேன்னு எப்படிக் கையெழுத்துப் போடறது? உக்காரு. பேசு.”

பேசினேன். மழை, ஜாடி, அந்த ‘பெய்யலாம்’, முந்நூறு சொற்கள், எல்லாம். நடுவில் அம்மா வந்து விளக்கைப் போட்டுவிட்டுப் போனாள். கேள்வி கேட்டார்: அங்கே குளிருமா, விடுதியில் ஓர் அறைக்கு எத்தனை பேர், வேலை என்ன கிடைக்கும். தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன்.

“நீ அப்பவே கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்.”

“தெரியும்ப்பா. அதனாலதான்…”

“அது சரி. ஆனா வேண்டாம்னு சொல்றதுக்காவது எனக்கு ஒரு வாய்ப்பு குடுத்திருக்கலாம்ல?”

அழுதுவிட்டேன். அவர் படிவத்தை நனையாமல் தள்ளி வைத்தார்.

“சரி, இப்ப சொல்றேன். இவ்ளோ தூரம் போக வேண்டாம்.”

சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்து, மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டார்.