சைரன் அடங்கினதும் வருகிறவள்

ஆம்பூர்
4.9.2024

அன்புள்ள பூங்குழலி,

பூட்டிக் கிடக்கிற என் குடோனுக்கு ஒரு பொம்பளை வந்து குழந்தைக்கு மருந்து கேட்கிறா. நடக்கிறது இதுதான், ஜோடிக்காம சொல்றேன்.

மத்தியானம் ஷூ கம்பெனி சைரன் அடங்கினதும் வர்றா. புர்கா, முகம் தெரியலை. தோள்ல குழந்தை. கிளவுஸுக்கு உள்ளே வச்சுத் தைக்கிறோமே, அந்த மஞ்சள் துணியில சுத்தியிருக்கு. அது அழுது நான் கேட்டதில்லை. "சிஸ்டர் வந்தாச்சா? சொட்டு மருந்து வேணும்"ங்கிறா. "இங்க தோல் துண்டுதான் இருக்கு, போம்மா"ன்னா தலையாட்டிட்டு வாசல்லயே நிக்கிறா. நான் சாவியை எடுத்துத் திரும்புறதுக்குள்ள ஆள் இல்லை. தெருவுல எந்தப் பக்கமும் இல்லை. ஓயாம குலைக்கிற நாய், அவ வந்தா லாரிக்கு அடியில போய்ப் படுத்துக்குது.

உன் வேலையாடி இது? தாய்-சேய் வைத்தியத்தையும் எச்.ஐ.வி. பரிசோதனையையும் ஒரே இடத்துல வைக்கணும், குடோனை வாடகைக்குக் கொடுன்னு வந்து நின்ன. மாட்டேன்னேன். அந்தப் பேர் ஒட்டிக்கிட்டா அப்புறம் எவன் அங்க சரக்கு வைப்பான்? அதுக்காக ஆள் அனுப்பி மிரட்டுவியா?

போன் பண்ணாதே, மருமகதான் எடுக்கிறா. என் வேன் டிரைவர் ஜான் பாஷாகிட்ட கவர் கொடுத்தனுப்பு.

பள்ளிக்கூடத்துல உனக்கு ஊறுகாய் கொடுத்த,
அக்தரி பேகம்

வேலூர்
9.9.2024

அன்பு அக்தரி,

ஊறுகாயைச் சொல்லிக் காட்டாம உனக்குக் கடுதாசி முடியாது. சத்தியமா நான் யாரையும் அனுப்பலை.

எச்.ஐ.வி. கவுன்சிலிங் கொடுக்கிறவ நான், வர்றவங்க பேரைச் சொல்லக் கூடாது. நடந்ததை மட்டும் சொல்றேன். உங்க ஊர்ப் பொண்ணு, முதல் கர்ப்பம். எச்.ஐ.வி. இருந்துச்சு, மாத்திரையை ஒழுங்காத்தான் சாப்பிட்டா. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போறப்போ, அம்மா கண்ணுல படக் கூடாதுன்னு மருந்தையும் சிகிச்சை அட்டையையும் புருஷன் வீட்டுலயே விட்டுட்டா. அங்க பிரசவம் பார்த்தவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நோய் குழந்தைக்கு ஒட்டாம இருக்க, பிறந்ததும் கொடுக்க வேண்டிய சொட்டு மருந்தைக் கொடுக்கலை. அவளும் ஜூலையில காய்ச்சல்ல போய்ட்டா. அவ புருஷன் இவ்வளவுதான் சொன்னான். குழந்தை எங்கன்னு கேட்டதும் போனை வச்சுட்டான். தாய்வீடு எந்த ஊருன்னு எங்க யாருக்கும் தெரியாது.

"திரும்பி வர்றப்போ வேலூர் வரைக்கும் அலையாதே, அக்தரியக்கா குடோன்ல நாங்க இருப்போம்"னு அவகிட்ட நான்தான் சொன்னேன். நீ சம்மதிப்பேன்னு நம்பிட்டேன்.

மஞ்சள் துணின்னு எழுதியிருக்கியே. கடைசியா வந்தப்போ, குழந்தைக்குன்னு அப்படி ஒரு துணியைத்தான் அவ என்கிட்ட காட்டினா.

பூங்குழலி

ஆம்பூர்
11.9.2024

பூங்குழலி,

பேரை நீ சொல்ல வேணாம். தூபா. என்கிட்ட கிளவுஸ் தைச்சவ. குழந்தைக்கு ஆகும்னு அந்தத் துணியைக் கொடுத்ததே நான்தான். மவுத்தானது எனக்குத் தெரியாதுடி. இன்னும் தாய்வீட்டுலயே இருக்கான்னு நினைச்சிட்டிருந்தேன்.

இன்னிக்கும் வந்தா. "தூபா"ன்னு கூப்பிட்டேன். துணியை விலக்கிக் காட்டினா. உள்ளே குழந்தை இல்லை. வெறும் துணி.

அப்போ குழந்தை வேற எங்கயோ இருக்குன்னுதானே அர்த்தம்? தாய்வீடு நாட்றம்பள்ளி பக்கம், கல்யாணத்துக்குப் போயிருக்கேன். ஞாயித்துக்கிழமை வேனோட வர்றேன், தயாரா இரு.

அக்தரி

ஆம்பூர்
20.10.2024

அன்புள்ள பூங்குழலி,

நாட்றம்பள்ளியில குழந்தையை வச்சிருந்த தூபாவோட அம்மாவைத் தனியா உட்கார வச்சு நீ பேசினியே, அதை நான் மறக்க மாட்டேன். பையனோட ரிசல்ட் நாம பயந்தபடிதான் வந்துச்சு. ஆனா மருந்து இறங்குதாம், நல்லா பால் குடிக்கிறானாம். அந்தம்மா சொல்லியனுப்பினாங்க.

இனிமே அவ வர மாட்டான்னு நினைச்சேன். நேத்து வந்தா. தோள் காலி. அவளுக்குப் பின்னாடி இன்னும் பல பேர், புர்காவுல, புடவையில. எல்லார் தோள்லயும் ஒரு துணி மூட்டை. ஒருத்தியையும் எனக்குத் தெரியாது. ஒரே குரல்ல, "சிஸ்டர் வந்தாச்சா?"

வாசல்ல இத்தனை பேரை நிக்க வச்சுட்டு ஷட்டரை இறக்கி வைக்கிறவ வியாபாரியா? குடோனை எடுத்துக்கோ. கண்டிஷன் சொல்றேன், கேள்.

முன்னாடி தோல்காரன் கொடுத்த வாடகைதான், ஜாஸ்தியும் வேணாம் கம்மியும் வேணாம். போர்டுல தாய்-சேய் நலம்னு மட்டும் எழுது. தடுப்பூசிக்கு வர்றவளுக்கும் எச்.ஐ.வி.க்கு வர்றவளுக்கும் ஒரே வாசல், ஒரே பெஞ்சு. யார் எதுக்கு வந்தான்னு தெருவுக்குத் தெரியக் கூடாது. தாய்வீடு எந்த ஊருன்னு முதல் தடவை வந்தப்பவே கேட்டுக்கணும். அவ போய்ச் சேர்றதுக்கு முன்னாடி மருந்து அங்க இருக்கணும். சைரன் அடங்கின நேரத்துல சிஸ்டர் சாப்பிடப் போகக் கூடாது, கதவு திறந்தே இருக்கணும். பெஞ்சுல யாரும் கண்ணுக்குத் தெரியலைன்னாலும், குரல் கேட்டா "வந்தாச்சும்மா"ன்னு பதில் சொல்லணும்.

இத்தனையையும் வாசல்ல நின்னவங்ககிட்டயும் சொன்னேன். தலையாட்டிட்டாங்க. இந்தக் கவர்லயே சாவி இருக்கு.

அக்தரி பேகம்