சனிக்கிழமை வரைந்த கோப்பை

16.11.2023, வியாழன்

நேற்று உலகக் கோப்பை அரையிறுதியும் ஜெயித்தாயிற்று. பத்துக்குப் பத்து! இன்று லாரிக்குப் பாடி கட்டும் எங்கள் பட்டறையில் யாருக்கும் வேலை ஓடவில்லை, என்னையும் சேர்த்துத்தான். மஞ்சள் டப்பாவில் பச்சை பிரஷ்ஷை முக்கிவிட்டேன். முதலாளி குமரகுரு பார்த்தும் பார்க்காததுபோல் போனார். அவர் கண்ணும் தூக்கமில்லாமல் சிவந்துதான் இருந்தது.

தீர்த்தகிரியின் லாரி முடிகிற நிலைக்கு வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் வண்டியை ஓட்டியவன் இப்போதுதான் சொந்தமாக ஒன்று எடுத்திருக்கிறான். என் தங்கை உஷாராணியைக் கட்டியவன், அதற்கு முன்பே எனக்குச் சிநேகிதன். ஊர் முன்னால் வாங்க போங்க. கிரிக்கெட் ஓடும்போது வாடா போடா.

பாடி கட்ட ஒன்றரை மாதம் ஆகும் என்பதால் வேலையில்லாமல் இங்கேயே கிடக்கிறான். பத்து மேட்சும் பட்டறை பெஞ்சில்தான் பார்த்தோம். அவன் இடப்பக்கம், நான் வலப்பக்கம். மாறி உட்கார்ந்தால் நம் ஆள் அவுட் ஆகிறான் என்பதை மூன்றாவது மேட்சிலேயே கண்டுபிடித்துவிட்டோம். எனக்கு அதே நீலச் சட்டை. தொடர் முடியும்வரை துவைக்கக் கூடாது என்று ராசாத்தியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். "மூக்கைப் புடிச்சுக்கிட்டுத்தானுங்க உங்களுக்குச் சோறு போடறேன்" என்கிறாள். போடட்டும். நாட்டுக்காகப் பெண்டாட்டி இதுகூடச் செய்யக் கூடாதா?

17.11.2023, வெள்ளி

ஒரு சிக்கல். இறுதி ஆட்டம் ஞாயிறு மதியம். தீர்த்தகிரியின் முதல் டிரிப் திங்கட்கிழமை என்று இருந்தது. உஷா காலண்டரைப் பார்த்துவிட்டாள். திங்கள் அஷ்டமி, செவ்வாய் நவமி. புதன்வரை லோடு தரும் ஜவ்வரிசி மில்காரர் காத்திருக்க மாட்டாராம். அதனால் ஞாயிறு காலையிலேயே பூஜை போட்டுக் கிளப்புவதாக முடிவாகிவிட்டது. சேலத்தில் லோடு ஏற்றிக்கொண்டு நேராக அகமதாபாத்.

அகமதாபாத்! மேட்ச் நடக்கிற அதே ஊர். இவன் போய்ச் சேரும்போது ஊரே ஆடிக்கொண்டிருக்கும். நடுவில் நம் லாரி போகும். பின்கதவு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டது.

18.11.2023, சனி

வரைந்துவிட்டேன். பின்கதவு முழுக்கத் தங்கக் கோப்பை. மேலே தமிழில் "உலக சாம்பியன் இந்தியா 2023". வடக்கத்திக்காரர்களுக்காகக் கீழே இங்கிலீஷிலும். இருபத்தைந்து வருஷத்தில் இவ்வளவு நன்றாக ஒன்றை எழுதியதில்லை என்று நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்லப்போகிறார்கள்.

தீர்த்தகிரிதான் தயங்கினான். "ஜெயிச்சதுக்கு அப்பறம் எழுதிக்கலாம் மச்சான்."

"காலைல நீ போயிருவே. பெயிண்ட் காய ஒரு நாள் வேணும். அப்பறம் அகமதாபாத்துக்கு வந்தா எழுதட்டும்? பத்து மேட்ச் ஜெயிச்சவன் பதினொண்ணாவதுல தோப்பானா?"

வண்டி அவனுடையது, வாய் என்னுடையது.

19.11.2023, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்கு வண்டி கிளம்பிவிட்டது. பூசணிக்காய் உடைத்து, எல்லாச் சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். பட்டறை ஆட்கள் எல்லாரும் பின்கதவைப் பார்த்துக் கைதட்டினார்கள். உஷா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சொந்த வண்டியில் புருஷன் ஏறுவதை முதன்முதலாகப் பார்க்கிறாள்.

ஏறுவதற்கு முன்னால் தீர்த்தகிரி பெஞ்சுக்கு வந்து தன் தோள் துண்டை எடுத்து அவன் இடத்தில் போட்டான். "இங்க ஒருத்தனும் உக்காரக் கூடாது" என்று எல்லாரையும் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டு மணிக்கு ஆட்டம். சட்டை போட்டாயிற்று. மீதியைக் கோப்பை வந்த பிறகு எழுதுகிறேன்.

20.11.2023, திங்கள்

தோற்றுவிட்டோம்.

21.11.2023, செவ்வாய்

நேற்று அதற்குமேல் எழுத வரவில்லை.

இருநூற்று நாற்பதுக்குள் நம்மை முடித்துவிட்டார்கள். அப்போதுகூட எனக்குப் பயமில்லை. ஆஸ்திரேலியாவுக்கு நாற்பத்தேழுக்கு மூன்று விக்கெட் போனதும் பட்டறையே கூரையைப் பிய்த்தது. நான் பெஞ்சிலிருந்த துண்டைத் தட்டி, "பாத்தியா மாப்ளே" என்றேன், அவன் பக்கத்தில் இருப்பதுபோல. அதற்கப்புறம் ஒரு ஜோடி நின்றுவிட்டது. நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. பட்டறையில் ஒருவர் பின் ஒருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். டிவியில் அந்த மைதானம் முழுக்க நீலமாக உட்கார்ந்திருந்தது, ஒரு சத்தம் இல்லை.

அப்போதுதான் பின்கதவு ஞாபகம் வந்தது. உலகத்திலேயே தோற்ற அன்றைக்குச் சாம்பியன் என்று எழுதிக்கொண்டு போகிற ஒரே வண்டி என் மாப்பிள்ளையின் வண்டி. இருபத்திரண்டு வருஷம் கழித்து வாங்கியது. முதல் டிரிப்.

போன் போட்டேன். எடுக்கவில்லை. நேற்று நாலு தடவை. இன்று இரண்டு தடவை.

உஷா சாயங்காலம் கூப்பிட்டாள். "துமகூரு தாண்டி ஒரு தாபாவுல நிறுத்தி மேட்ச் பாத்தாராமாண்ணா. முடிஞ்சதும் எல்லாரும் வண்டிக்குப் பின்னாடி வந்து நின்னுட்டாங்களாம். அதுக்கு மேல ஒண்ணுமே சொல்லலை. அண்ணனுக்கு என்ன சொல்லட்டும்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்னுட்டாருண்ணா."

22.11.2023, புதன்

நான் எழுதியதால்தான் தோற்றோமா? அப்படி இருக்காது என்று தெரியும். அங்கே ஓடிவந்து பந்து போடுகிறவனுக்கு நாமக்கல்லில் முருகானந்தம் என்று ஒருத்தன் இருப்பதே தெரியாது. தெரிந்தும் மனசு கேட்கவில்லை. ஜெயிப்பதற்கு முன்னால் கோப்பையைத் தொட்டவன் நான்தானே?

ஐம்பதை எட்டப்போகிறேன். யாரோ பதினொரு பேர் தோற்றதற்குச் சாப்பிடாமல் படுக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

23.11.2023, வியாழன்

வண்டி இன்று அகமதாபாத் சேர்ந்திருக்கும். பேப்பர் வாங்கவில்லை. டிவி போடவில்லை.

24.11.2023, வெள்ளி

வேறொரு வண்டிக்கு "ஒலி எழுப்பவும்" என்று எழுத வேண்டியிருந்தது. எழுதி முடித்து, பக்கத்தில் கை தானாக 2023 என்று போட்டுவிட்டது. தின்னர் ஊற்றித் துடைத்தேன். குமரகுரு வந்து, "முருகா, ரெண்டு நாள் ஊட்டுல இருந்துட்டு வா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பெஞ்சில் துண்டு அப்படியே கிடக்கிறது. எடுத்து மடிக்கவும் மனசில்லை. ஒருவரும் அங்கே உட்காருவதில்லை.

இருபது வருஷத்துக்கு முன்னாலும் இதே ஆஸ்திரேலியாவிடம் இறுதியில் தோற்றோம். அன்றைக்கு டீக்கடை வாசலில் நானும் தீர்த்தகிரியும் கட்டிக்கொண்டு அழுதோம். அப்போது உஷாவுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. அன்று அழுதபோது அவன் பக்கத்தில் இருந்தான். இந்தத் தடவை போனைக்கூட எடுக்க மாட்டேன் என்கிறான். மேட்ச் தோற்றதைவிட இதுதான் உறுத்துகிறது. என் வாய்க்கொழுப்பால் ஒரு நல்ல மனுஷனைப் பார்த்து ஊர் ஊராகச் சிரிக்க விட்டுவிட்டேன்.

26.11.2023, ஞாயிறு

கார்த்திகை தீபம். ராசாத்தி வாசலில் வரிசையாக விளக்கு வைத்தாள். நான் படியில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, ஒண்ணு சொன்னாத் திட்டக் கூடாது."

"சொல்லு."

"நீங்க எழுதுனதால ஒண்ணும் தோக்கலைங்க. என்னாலதானுங்க தோத்தாங்க."

"நீ என்ன பண்ணுனே?"

"சட்டையைத் தொவச்சுப்போட்டேனுங்க. வெள்ளிக்கெழமை நீங்க வேலைக்குப் போனதும். நாத்தம் தாங்கலைங்க. காய வெச்சு, பழையபடி கசக்கி, அதே ஆணியில மாட்டிட்டேன்."

அவளையே பார்த்தேன். கண்ணில் நிஜமாகவே தண்ணீர். ஒரு வாரமாக இதை மனசில் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். சிரிப்பு வந்துவிட்டது. எட்டு நாளில் முதல் சிரிப்பு. அவளுக்கு முதலில் கோபம், அப்புறம் அவளும் சிரித்தாள். அதற்குள் ஒரு விளக்கு அணைந்துபோய்விட்டது, எழுந்துபோய் ஏற்றினாள்.

2.12.2023, சனி

அகமதாபாத்தில் இறக்கி, அங்கிருந்து டெல்லிக்கு ஒரு லோடாம். உஷாதான் சொன்னாள். பிள்ளைகளோடு தினமும் பேசுகிறாராம். என்னைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லையாம்.

நான் சாம்பல் நிறம் ஒரு லிட்டர் கலந்து வைத்திருக்கிறேன். உப்புத்தாளும் தயார். வண்டி வந்த உடனே பின்கதவைத் தேய்த்துவிட்டு, ஒரு பூச்சு. அவன் இறங்கி டீ குடித்து முடிப்பதற்குள் கோப்பை இருந்த இடம் தெரியாது.

அவன் இங்கே வராமல் சங்ககிரியில் வேறு பெயிண்டரிடம் போய்விட்டால்? இதை எழுதவே கை வரவில்லை.

11.12.2023, திங்கள்

வந்துவிட்டான்.

காலை பத்து மணி இருக்கும். ஹாரன் சத்தம் கேட்டதும் டப்பாவையும் உப்புத்தாளையும் எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். புதுவண்டி மூன்று வாரத்தில் புழுதி படிந்து பழைய வண்டி ஆகியிருந்தது. தீர்த்தகிரி இறங்கினான், இளைத்திருந்தான். என்னைப் பார்க்கவில்லை. நேராகப் பெஞ்சுக்குப் போய், துண்டை எடுத்து உதறி, தோளில் போட்டுக்கொண்டு அவன் இடத்தில் உட்கார்ந்தான். நான் டப்பாவோடு நின்றேன்.

"மச்சான், எம்மேல கோவமா?" என்றான்.

அவன் கேட்கிறான்! என்னை!

"எனக்கென்ன கோவம்? நீதான் போனே எடுக்கலை."

"எப்படி எடுக்கறது? பத்து மேட்சும் உம்பக்கத்துல உக்காந்து பாத்தேன். பதினொண்ணாவதுக்கு, அஷ்டமிக்குப் பயந்துக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டேன். துண்டு போட்டா ஆச்சா? ஆள் இருக்கோணுமில்ல? எடுத்தா நீ அதைத்தான் கேப்பேன்னு நெனச்சேன். அப்பறம் நாளாக ஆக எடுக்கறதுக்கே வெக்கமாப் போச்சு."

டப்பாவைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ராசாத்தி சட்டையைத் துவைத்த கதையைச் சொன்னேன். அவன் தொடையில் அடித்துச் சிரித்தான், சிரித்துக்கொண்டே அழுதான். நாட்டில் இன்னும் எத்தனை பேர் தன்னால்தான் தோற்றோம் என்று உட்கார்ந்திருக்கிறார்களோ!

அப்புறம் உப்புத்தாளை எடுத்தேன். கையைப் பிடித்துவிட்டான்.

"அழிக்க வேண்டாம் மச்சான்."

"ஊரெல்லாம் சிரிச்சிருப்பாங்களே?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அன்னிக்குத் தாபாவுல எல்லாரும் பின்னாடி வந்து நின்னதும் தார்ப்பாயை இழுத்து மூடப்போனேன். ஒரு சர்தார்ஜி டிரைவர், வேண்டாம்னு தலையை ஆட்டிட்டு எனக்கு டீ வாங்கிக் குடுத்தாரு. அகமதாபாத்துல லோடு எறக்கற ஆளுங்க ஒவ்வொருத்தரா வந்து அந்தக் கோப்பையைத் தொட்டுப் பாத்துட்டுப் போனாங்க. ஒருத்தர் சிரிக்கலை மச்சான். அவங்க ஊர்ல நடந்த மேட்ச்சு, அவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? டெல்லி வரைக்கும் எனக்குப் பேச்சுத் துணையே அந்தப் பின்கதவுதான்."

"அதுக்குன்னு பொய்யை எழுதிக்கிட்டே ஓட்டுவியா?"

"அடுத்த தடவை ஜெயிக்கற அன்னிக்கு அழிச்சுக்கலாம். அதுவரைக்கும் யாராச்சும் கேட்டா, எம் மச்சான் கொஞ்சம் அவசரக்காரன்னு சொல்லிக்கறேன்."

28.6.2024, வெள்ளி

இந்த வருஷ டைரியில் எழுதுவதே குறைந்துவிட்டது. இன்று எழுத வேண்டும். நாளை மறுபடி ஓர் இறுதி ஆட்டம். இருபது ஓவர் உலகக் கோப்பை. தென்னாப்பிரிக்காவோடு.

தீர்த்தகிரி ஊரில்தான் இருக்கிறான். நாளைக் காலை நாக்பூருக்கு லோடு தயாராக இருந்ததாம். "நாளைக்கு அஷ்டமி, அப்பறம் நவமி. திங்கக்கெழமைதான் வண்டி எடுப்பேன்னு புரோக்கர்கிட்டச் சொல்லிட்டேன்" என்கிறான். முதல் டிரிப்புக்கு அப்புறம் இவன் அஷ்டமி பார்த்து நான் பார்த்ததே இல்லை.

29.6.2024, சனி

சட்டையைத் துவைக்கட்டுமா வேண்டாமா என்று ராசாத்தி கேட்டாள். உன் இஷ்டம் என்றேன். துவைத்துவிட்டாள்.

30.6.2024, ஞாயிறு

ஜெயித்துவிட்டோம்.

கடைசி ஓவர்களைப் பற்றி எழுத மாட்டேன். பெஞ்சின் ஒரு கால் உடைந்துவிட்டது என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன். குமரகுரு ஏறிக் குதித்தார். அவர் பெஞ்சு, அவர் இஷ்டம்.

காலையில் செங்கல் முட்டுக்கொடுத்துப் பெஞ்சை நிறுத்திவிட்டு, மஞ்சள் டப்பாவோடு லாரிக்குப் பின்னால் போனேன். வெயிலிலும் மழையிலும் ஓடிக் கோப்பை கொஞ்சம் வெளுத்திருந்தது.

"மூணை நாலாக்கிரட்டுமா மாப்ளே? ரெண்டு இழுப்புத்தான்."

தீர்த்தகிரி அந்தக் கோப்பையைத் தொட்டுப் பார்த்தான். "வேண்டாம். அது வேற கோப்பை மச்சான். அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"ஜெயிச்சா அழிக்கலாம்னு சொன்னது நீதானே?"

"சொன்னேன்தான். இத்தனை நாள் கூட வந்துருச்சு. எப்படி அழிக்கறது? பக்கத்துல எடம் இருக்குதில்ல, அங்க வரை."

வரைந்தேன். இடம் அவ்வளவுதான் என்பதால் கொஞ்சம் சின்னக் கோப்பை. கீழே 2024. முடிக்கும்போது மணி பன்னிரண்டு. காய நாளைக் காலை ஆகும், வண்டியும் நாளைதான் கிளம்புகிறது. பின்கதவைப் பார்த்தபடி பெஞ்சையும் செங்கல்லையும் இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். அவன் இடப்பக்கம், நான் வலப்பக்கம். ராசாத்தி சாப்பிடக் கூப்பிட்டு மூன்று தடவை போன் செய்துவிட்டாள். பெயிண்ட் காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம், எங்களுக்கு ஓர் அவசரமும் இல்லை.